வீட்டுப் பட்டறைக்கு விளக்கேற்றியவர் – ஜோசப் ஸ்வான்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பையன்கூட எடிசன் என்று டக்கென்று சொல்லிவிடுவான். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெரிய ஆராய்ச்சிக் கூடம் வைத்திருக்கவில்லை. பல்கலைக்கழகப் பக்கமே படிக்கப் போகாதவர். மருந்துக்கடையில் தொழில் பழகியவர். பகலில் வியாபாரம், மிச்ச நேரத்தில் சோதனை என்று முப்பது வருஷம் ஓட்டியவர். கடைசியில் சொந்த வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டு, அங்கே விளக்கை எரிய வைத்துக் காட்டினார். அவர்தான் ஜோசப் வில்சன் ஸ்வான்.

டிப்ளமோ படிக்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் இவர். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இளமைக் காலம்

இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து என்றொரு துறைமுக நகரம். கப்பல் கட்டும் ஊர், கரிப்புகை சூழ்ந்த ஊர். அங்கே 1828 அக்டோபர் 31 அன்று ஸ்வான் பிறந்தார். நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பம். அப்பா கப்பல் நங்கூரம், சங்கிலி சம்பந்தப்பட்ட வியாபாரம் செய்தவர். கை ஓங்கவில்லை. ஆனால் பிள்ளைகளை அடக்கி வைக்காத வீடு அது. சிறுவன் ஸ்வான் ஊரில் உள்ள சுண்ணாம்புக் காளவாய், மண்பாண்டச் சூளை, கயிறு திரிக்கும் இடம் என்று ஒன்று விடாமல் சுற்றி வேடிக்கை பார்த்தான். தொழிலாளி கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அவனுடைய முதல் பாடப் புத்தகம்.

பள்ளிப் படிப்பு சீக்கிரமே முடிந்தது. மீசை முளைக்காத வயசிலேயே ஒரு மருந்து வியாபாரக் கடையில் ஆறு வருஷ ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். ஒப்பந்தம் முடியும் முன்பே கடை முதலாளிகள் இருவரும் இறந்துவிட்டார்கள். பிறகு நியூகாசில் நகரில் ஜான் மாசன் என்பவரின் மருந்துக்கடைக்குப் போனார். மாசன் வேறு யாருமல்ல, ஸ்வானின் அக்காளைக் கட்டியவர். உதவியாளாகப் போனவர், நாளடைவில் பங்காளியானார். கடையின் பெயரே மாசன் அண்டு ஸ்வான் என்று ஆனது.

இதற்கு முன்பே, சண்டர்லாந்தில் இருந்தபோது, ஒரு பொறி அவர் மனசில் விழுந்துவிட்டது. 1845ஐ ஒட்டிய காலம். ஸ்டெயிட் என்பவர் ஊர் ஊராகப் போய் மின்சார ஒளி பற்றிப் பேசியும் செய்து காட்டியும் வந்தார். அந்தச் செயல்விளக்கத்தை ஸ்வான் பார்த்தார். உலோகக் கம்பி ஒன்று மின்சாரத்தால் பழுத்து ஒளிவிட்டது. அதே சமயம் அமெரிக்காவின் ஸ்டார் என்பவர் வெற்றிடத்தில் கரித்துண்டை ஒளிர வைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்த செய்தியையும் படித்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு இருக்கும். நம்மில் பலர் முதலாம் ஆண்டு சேர்கிற வயசு!

முப்பது வருஷப் போராட்டம்

1848 வாக்கில் வேலையை ஆரம்பித்தார். தத்துவம் சுலபமானது. கரியின் வழியாக மின்சாரம் போனால் அது சூடாகிப் பழுத்து ஒளி தரும். காற்றுப் பட்டால் எரிந்து சாம்பலாகும். ஆகவே கண்ணாடிக் குமிழுக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்!

காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டுவார். அதில் சர்க்கரைப் பாகு, தார் என்று எதையாவது தடவுவார். கரித்தூள் நிரப்பிய மூசைக்குள் புதைத்துச் சூளையில் சுடுவார். காகிதம் வளையும் கரிப்பட்டையாக வெளியே வரும். சின்ன வயசில் சூளைகளைச் சுற்றியது வீண் போகவில்லை. அதைக் குமிழுக்குள் பொருத்திக் காற்றை இழுத்து பேட்டரியில் இணைப்பார். 1860 வாக்கில் கரிப்பட்டை செக்கச் செவேல் என்று பழுத்தது. அப்புறம்? கொஞ்ச நேரத்தில் போச்சு!

காரணம் இரண்டு. அந்தக் காலத்துப் பம்புகளால் நல்ல வெற்றிடம் உண்டாக்க முடியவில்லை. மிச்சம் இருந்த காற்றே கரியைத் தின்றுவிட்டது. இரண்டாவது, மின்சாரத்துக்கு பேட்டரியை விட்டால் வழியில்லை. அது விலை அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். இரண்டு குறையும் அவர் கையில் இல்லை. உலகம் அதுவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். விளக்கைப் பரண்மேல் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்.

சும்மா இருந்தாரா மனுஷன்? புகைப்படத் தொழிலுக்குப் போனார். மங்காத படம் எடுக்கும் கார்பன் அச்சு முறையை 1864இல் காப்புரிமை செய்தார். உலர் தட்டு முறையைச் சீர்படுத்தினார். 1879இல் புரோமைடு காகிதத்துக்கும் காப்புரிமை வாங்கினார். டிஜிட்டல் வரும்வரை இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் பிரிண்ட் போட்ட எல்லோரும் அந்தக் காகிதத்தின் வாரிசுகளைத்தான் தொட்டார்கள்.

இடையில் விழுந்த அடியும் சாதாரணமானதல்ல. 1867 டிசம்பரில் நியூகாசில் நகரில் கேட்பாரற்றுக் கிடந்த நைட்ரோகிளிசரினை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்தும்போது வெடித்துவிட்டது. அப்போது நகர ஷெரீப்பாக இருந்த மாசன், அந்த வேலையை நேரில் பார்க்கப் போனவர், பலியானார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், 1868இல் ஸ்வானின் மனைவி பிரான்சஸும் இறந்தார். தொழிலில் வலது கையும் வீட்டில் துணையும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டன. சின்னப் பிள்ளைகள் வேறு. முழுக் கடையின் பாரமும் ஒற்றைத் தோளில். பிள்ளைகளின் சித்தி ஹன்னாவை 1871இல் மணந்தார். இறந்த மனைவியின் தங்கையை மணக்க அன்றைய இங்கிலாந்துச் சட்டம் இடம் தராததால், சுவிட்சர்லாந்து போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்!

அண்டர்ஹில் வீடும் செடி அறையும்

1869இல் கேட்ஸ்ஹெட் நகரத்தை ஒட்டிய லோ ஃபெல் என்ற இடத்தில் அண்டர்ஹில் என்ற வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய செடி அறை ஒன்று இருந்தது. பணக்கார வீட்டில் பூச்செடி வளர்க்கிற இடம். ஸ்வான் அதைச் சோதனைக் கூடமாக மாற்றிக்கொண்டார்! அங்கேதான் பழைய விளக்கு பரணிலிருந்து இறங்கியது.

ஏன் இப்போது? பாதரசம் சொட்டுச் சொட்டாக விழுந்து காற்றை இழுத்துச் செல்லும் ஸ்பிரெங்கல் பம்பு 1865இல் வந்தது. அதைக் கொண்டு எவ்வளவு உயர்ந்த வெற்றிடம் பெறலாம் என்பதை 1875இல் குரூக்ஸ் என்ற விஞ்ஞானியின் வேலை எடுத்துக் காட்டியது. டைனமோவும் நன்றாக வளர்ந்திருந்தது. ஸ்வான் காத்திருந்த இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன.

வெற்றிட வேலையில் கைதேர்ந்த ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் யார் தெரியுமா? பர்கன்ஹெட் ஊரில் ஒரு வங்கிக் குமாஸ்தா! சார்லஸ் ஸ்டெர்ன் என்று பெயர். பொழுதுபோக்காக வெற்றிடச் சோதனை செய்துகொண்டிருந்தவர். மருந்துக்கடைக்காரரும் வங்கிக் குமாஸ்தாவும் 1877இல் சேர்ந்தார்கள். இருவருமாக ஒரு முக்கியமான சூட்சுமத்தைப் பிடித்தார்கள். கரிக்குள்ளேயே காற்று ஒளிந்திருக்கிறது; பம்பு ஓடும்போதே மின்சாரம் செலுத்திக் கரியைப் பழுக்க வைத்தால் ஒளிந்திருக்கும் காற்றும் வெளியேறும்; அதையும் இழுத்துவிட்டு அப்புறம்தான் குமிழை மூட வேண்டும். முப்பது வருஷத் தொல்லை அந்த ஒரு படியில் தீர்ந்தது.

1878 டிசம்பரில் நியூகாசில் வேதியியல் சங்கத்தில் விளக்கைக் காட்டினார். 1879 பிப்ரவரி 3 அன்று நியூகாசில் இலக்கிய தத்துவ சங்கத்தில் சுமார் எழுநூறு பேர் முன்னால் எரிய வைத்தார். எடிசனின் புகழ்பெற்ற விளக்கு எரிந்தது அதே வருஷம் அக்டோபரில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எடிசனின் பங்கு என்ன?

நியாயம் பேச வேண்டுமானால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஸ்வானின் ஆரம்ப விளக்கில் கரி தடிமனான குச்சி. அதன் தடை குறைவு. நம் பாடக் கணக்காகவே பார்ப்போமே. ஒரு ஓம் தடையுள்ள விளக்கு நூறு வாட் எடுக்க 10 ஆம்பியர் வேண்டும். போகும் ஒயரின் தடையும் ஒரு ஓம் என்றால், ஒயரிலேயே இன்னொரு நூறு வாட் வீணாகும். அதே நூறு வாட்டை நூறு ஓம் இழை ஒரு ஆம்பியரில் எடுத்துக்கொள்ளும். ஒயரில் வீணாவது ஒரே ஒரு வாட்! இதை முழுசாக உணர்ந்து, மெல்லிய உயர்தடை இழை, இணைச் சுற்று, மின்நிலையம், மீட்டர் என்று ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் ஏற்பாட்டை யோசித்தவர் எடிசன். அந்தப் பெருமை அவருக்கே உரியது.

ஸ்வானும் பிடிவாதம் பிடிக்கவில்லை. பருத்தி நூலைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தி மெல்லிய இழை செய்தார். 1880இல் காப்புரிமையும் எடுத்தார். ஆனால் விளக்கின் மூலக் கருத்து பலருக்கும் தெரிந்தது, அதற்குக் காப்புரிமை கிடைக்காது என்று நினைத்து முன்பே விட்டிருந்தார். எடிசன் தரப்பு 1879 நவம்பரிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டது. கோர்ட்டில் மோதியிருந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். 1883இல் இருவர் கம்பெனிகளும் ஒன்றாகி எடிசன் அண்டு ஸ்வான் கம்பெனி பிறந்தது. எடிஸ்வான் என்ற பெயரில் விளக்குகள் விற்றன. பாடப் புத்தகம் பிரித்து வைத்த பெயர்களைக் குமிழ் ஒன்றாக்கி வைத்தது!

வீடு, தியேட்டர், கப்பல்

ஸ்வான் தம் விளக்கை முதலில் எரிய விட்டது சொந்த வீட்டில்தான். குமிழ் விளக்கால் ஒளி பெற்ற உலகின் முதல் வீடு என்று அண்டர்ஹில் வீட்டைத்தான் சொல்கிறார்கள். அடுத்து 1880 டிசம்பரில் நண்பர் ஆம்ஸ்ட்ராங் பிரபுவின் கிராக்சைடு மாளிகை. அங்கே ஏரித் தண்ணீரால் டைனமோ ஓடியது. நூலகத்தில் விளக்குகளைச் செம்பு ஜாடிகள் மேல் வைத்து, ஜாடியின் அடியைப் பாதரசக் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். ஜாடியைத் தூக்கினால் இணைப்பு விட்டு விளக்கு அணையும். வைத்தால் எரியும். சுவிட்ச் என்பது சரியாகப் பிறக்காத காலத்தில் எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

1881இல் நியூகாசில் பென்வெல் பகுதியில் விளக்குத் தொழிற்சாலை வந்தது. அதே வருஷம் சிட்டி ஆஃப் ரிச்மண்ட் என்ற பயணிகள் கப்பலிலும், லண்டன் சவாய் தியேட்டரிலும் ஸ்வான் விளக்குகள் எரிந்தன. சவாயில் மட்டும் சுமார் 1,200 விளக்குகள். கேஸ் விளக்கின் வெக்கையும் தீ விபத்துப் பயமும் நிறைந்திருந்த நாடகக் கொட்டகைகளுக்கு அது பெரிய விடுதலை.

நான் இவரைத் தேடிப் போன கதை

இவ்வளவையும் நான் ஏன் படித்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு தகரக் கொட்டகை. அப்பா அதில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறார். நான் கட்டுகிற ஃபீஸ் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகிறது. போன வருஷம் அப்பா ராத்திரி வேலையை நிறுத்திவிட்டார். கண் போச்சு, ஸ்லாட்டுக்குள் ஒயர் போவது தெரியவில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு டியூப் லைட். அதுவும் முதுகுக்குப் பின்னால், உச்சியில். அவர் நிழல்தான் அவர் வேலையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கோளாறு கண்ணிலா, விளக்கிலா என்று பார்க்க, பாடத்தில் படித்ததைக் கையில் எடுத்தேன்.

கணக்கு ரொம்பச் சின்னது. கொட்டகை சுமார் 14 சதுர மீட்டர். 2,000 லூமன் தரும் எல்.இ.டி. டியூப் நான்கு போட்டால் 8,000 லூமன். சுவரும் கூரையும் விழுங்குவதற்காகப் பாதி. தூசிக்காகப் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 0.8. மிச்சம் 3,200. அதை 14ஆல் வகுத்தால் சுமார் 230 லக்ஸ். பொது வெளிச்சத்துக்குப் போதும். நுணுக்கமான வேலைக்கு 500க்கு மேல் வேண்டும். அதற்காக மேசையிலேயே வளையும் கை உள்ள விளக்கு ஒன்று. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்பது எதிரிருமடி விதி ஆயிற்றே!

டியூப்களை முதுகுக்குப் பின்னால் போடாமல், மேசைக்கு முன்னும் இரு பக்கமுமாகப் பிரித்தேன். தகரத்தின் உள்பக்கத்துக்கும் சுவருக்கும் வெள்ளை அடித்தோம். விளக்குக்கும் மெஷினுக்கும் தனித்தனிச் சர்க்யூட், தனித்தனி எம்.சி.பி. மெஷின் சர்க்யூட் ட்ரிப் ஆகும்போது கிரைண்டிங் கல் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் விளக்கும் அணைந்தால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஸ்விட்ச் போட்டேன்.

அப்பா இப்போது ராத்திரி ஒன்பது மணி வரை சுற்றுகிறார். கிட்டப் பார்க்கக் கண்ணாடியும் வாங்கிப் போட்டிருக்கிறார். கோளாறு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் விளக்கை மாற்றாமல் இருந்திருந்தால், முழுப் பழியும் கண்மேலேயே விழுந்து ஒரு தொழிலே பாதியாகியிருக்கும்.

லேத் அருகே ஒரு எச்சரிக்கை

ஒர்க் ஷாப் நண்பர்களுக்கு இன்னொன்று. நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் விநாடிக்கு நூறு தடவை மங்கி எழும்பும். லேத் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் விநாடிக்கு 25 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு நான்கு மினுக்கு. நான்கு தாடைச் சக் ஒவ்வொரு மினுக்கிலும் சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். பார்ப்பவன் கண்ணுக்கு அது நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும்! நின்றுவிட்டது என்று கை வைத்தால் கதை முடிந்தது. மட்டமான டிரைவர் போட்ட மலிவு எல்.இ.டி.யிலும் இந்தத் தொல்லை உண்டு. பக்கத்துப் பக்கத்து டியூப்களை வேறு வேறு ஃபேஸில் போடுவது ஒரு பரிகாரம். எலக்ட்ரானிக் சோக், மினுக்காத நல்ல டிரைவர் இன்னொரு பரிகாரம்.

பல பட்டறைகளில் லேத்தின் மேல் பழைய இழை விளக்கு ஒன்றைப் பிடிவாதமாக வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழுத்த இழை நூறில் ஒரு விநாடிக்குள் ஆறிவிடாது. அதனால் அதன் ஒளி அவ்வளவாக மினுக்காது. ஸ்வான் தந்த கரி விளக்கு வாட்டுக்கு மூன்று லூமன் அளவே கொடுத்தது. இன்றைய எல்.இ.டி. நூறு கொடுக்கிறது. இழை விளக்கைப் பல நாடுகள் கடையிலிருந்தே ஒழித்துவிட்டன. ஆனாலும் தொழிலாளியின் விரலைக் காப்பாற்றிய புண்ணியம் அந்த இழைக்கு உண்டு.

கடைசிக் காலம்

விளக்கோடு அவர் நிற்கவில்லை. இன்னும் சீரான இழை வேண்டும் என்று, நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைச் சின்ன ஓட்டை வழியாகப் பிதுக்கி நூலாக்கும் முறையை 1883இல் காப்புரிமை செய்தார். அந்த நூலை மனைவி ஹன்னா குரோஷா பின்னலாகப் போட, 1885இல் லண்டன் கண்காட்சியில் செயற்கைப் பட்டு என்று வைத்தார்கள். விளக்குக்குத் திரி தேடப் போய், செயற்கை நூல் தொழிலுக்கே வழி காட்டிவிட்டார்! பேட்டரியின் ஈயத் தட்டைச் சீர்படுத்தினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்காக மின்சாரக் கைவிளக்கும் செய்தார்.

பல்கலைக்கழகம் போகாத அந்த மனிதரை 1894இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1898இல் மின் பொறியாளர் நிறுவனம் தன் தலைவராக்கியது. 1904இல் சர் பட்டம் வந்தது. 1914 மே 27 அன்று தம் 85ஆம் வயதில் கண் மூடினார்.

நண்பர்களே, ஸ்வானிடம் நான் கற்றது இதுதான். 1860இல் அவர் விளக்கு அணைந்தபோது கருத்து தப்பில்லை, பம்புதான் போதவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷம் கழித்து நல்ல பம்பு வந்தபோது, அதைக் கவனிக்கவும் பழைய குமிழை மறுபடி கையில் எடுக்கவும் தெரிந்திருந்தது. நம் பிராஜெக்ட் ஓடவில்லை என்றால் உடனே மூட்டை கட்டிவிடுகிறோம். எது போதவில்லை என்று ஒரு வரி ரெக்கார்டு நோட்டில் எழுதி வைப்போம். நமக்கு வேண்டிய பம்பு நாளைக்கு வரலாம். அது வரும்போது நோட்டு கையில் இருக்க வேண்டும்.